உங்கள் வேலைக்கு மேல்படி இருக்கிறதா?



அண்மைக்காலமாக நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஜவுளிக்கடை விற்பனையாளர் ஒருவர் எழுதுகிறார். பேட்டையில் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர் ஒருவர் எழுதுகிறார். முக்கூடலிலிருந்து ஒரு பெண், தன் அம்மா பீடி சுற்றித் தன்னைப் படிக்கவைத்ததைச் சொல்லிவிட்டு, கணக்கு எழுதும் வேலையில் தான் சேர்ந்த நாளில் இருந்த சம்பளமே இன்னும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது என்று எழுதுகிறார். நேரத்துக்கு வேலைக்குப் போகிறோம், சொன்னதைச் செய்கிறோம், லீவு போடுவதில்லை, ஆனாலும் சம்பளம் ஏறவில்லையே, என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் கேட்பது.

‘இன்னும் கடுமையாக உழையுங்கள்’ என்று எனக்குப் பதில் எழுத மனம் வரவில்லை. நம் பக்கத்து ஜனங்களிடம் உழைப்புக்கு என்றைக்குமே குறை இருந்ததில்லை. அதனால் வேறொரு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்கு முன்னால் வரும் ஊர் பத்தமடை. அந்த ஊர்ப் பாயைத் தெரியாத நெல்லைக்காரர் இருக்க முடியாது. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளையும் கோரைதான் மூலப்பொருள். பச்சையாக அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறிப் பருத்த கோரையை நெடுக்காகக் கீறி, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றித் தறிக்குக் கொண்டுவருவார்கள். இதுவரை எல்லாப் பாய்க்கும் கிட்டத்தட்ட ஒரே கதைதான். வீட்டில் விரித்துப் படுக்கும் சாதாரணப் பாய்க்குத் தடித்த கோரை போதும். பட்டுப்பாய்க்கு அதே கோரையை நூல் அளவுக்கு மெல்லிசாகக் கீற வேண்டும். கத்தி ஒரு பக்கம் சற்றே சாய்ந்தால் கீற்று பாதியில் அறுந்துபோகும். ஒரு கீற்று தடித்தும் மற்றது மெலிந்தும் இருந்தால் நெய்த பிறகு பாயில் வரிவரியாகக் காட்டிக்கொடுத்துவிடும். தறியில் பாவு நூல் நெருங்க நெருங்க, 100, 120 என்று எண்ணிக்கை ஏற ஏற, பாய் துணிபோல மடியத் தொடங்குகிறது. ஒரு பட்டுப்பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். மணமக்களின் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாயைப் பெண்வீட்டார் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். புவிசார் குறியீடும் பெற்ற பாய் அது.

ஊரும் ஆறும் புல்லும் ஒன்றுதான். ஆனால் சாதாரணப் பாயின் விலைக்கும் பட்டுப்பாயின் விலைக்கும் நடுவே பல மடங்கு இடைவெளி. அந்த இடைவெளி எங்கே உண்டாகிறது என்று பார்த்தால், தறியில் உட்காரும் நேரத்தில் மட்டும் அல்ல. தறிக்கு வருவதற்கு முன்னால், கோரையைக் கீறும் கையிலேயே அது தொடங்கிவிடுகிறது. சாதாரணப் பாயை எவ்வளவு வேகமாக நெய்தாலும் கடையில் அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பாய் இருக்கும். அதன் விலை கைப்பாயை மேலே ஏற விடாது. கீறக் கற்றுக்கொண்டவரின் பாய்க்குப் பக்கத்தில் வைக்க பிளாஸ்டிக்கில் எதுவும் இல்லை.

இதில் இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டுப்பாய் நெய்கிற பெண்ணின் கைக்கு அந்த விலை முழுதாக வந்துவிடுவதில்லை. நடுவில் வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டாரிடம் தானே பேசி ஆர்டர் பிடிக்கவும், போனில் படம் எடுத்து அனுப்பவும், விலை சொல்லவும், சொன்ன விலையில் நிற்கவும் தெரிந்தவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. அதுவும் கீறலைப் போலவே கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. கை நுணுக்கம் உள்ளவர்கள் பலர் இந்த இரண்டாவதைத் தங்கள் வேலையாகவே நினைப்பதில்லை. எனக்கு இதில் நிறைய வருத்தம் உண்டு.

இப்போது முக்கூடலுக்கு வருவோம். மேலப்பாளையம், ஆலங்குளம், முக்கூடல் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மடியில் சொளவும், சொளவில் இலையும் தூளுமாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இலையை நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டும் அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆண்டுக்கணக்கில் பழகிய திறமை. ஆனால் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு. இருபது வருடம் சுற்றியவருக்கும் இரண்டு வருடம் சுற்றியவருக்கும் ஆயிரத்துக்கு ஒரே கணக்கு. வேகமாகச் சுற்றினால் எண்ணிக்கை கூடும், அதுவும் இடுப்பும் கண்ணும் தாங்கும்வரை. எவ்வளவு நேர்த்தியாகச் சுற்றினாலும் பீடிக்கு உயர்ந்த ரகம் என்று ஒன்று கிடையாது. கடையில் கழித்துப் போடாமல் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பத்தமடையில் திறமை வளர்ந்தால் விலை வளர வழி இருக்கிறது. பீடித் தட்டில் அந்த வழி அடைபட்டிருக்கிறது.

இதனால்தான் கடிதம் எழுதியவர்களிடம் நான் முதலில் கேட்க விரும்புவது, உங்களுக்கு என்ன தெரியும் என்பதையல்ல. உங்கள் வேலைக்கு மேல்படி இருக்கிறதா? நீங்கள் செய்வதையே இன்னும் நன்றாகச் செய்தால் யாராவது கூடுதல் பணம் கொடுப்பார்களா? ‘ஆம்’ என்றால் அந்தப் படியில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ‘இல்லை’ என்றால் இந்த வேலையில் இன்னும் பத்து வருடம் உழைத்தாலும் பெரிய மாற்றம் வராது. பக்கத்து வேலையைப் பார்க்க வேண்டும். பீடி சுற்றிய தாய்மார் இதை நம் எல்லோருக்கும் முன்பே கண்டுகொண்டார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பி, பிள்ளைகளைப் பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். தங்களுக்கு இல்லாத படியைப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

மேல்படி இல்லாத வேலைக்குத் தனியாளைக் குறைசொல்வது நியாயமாகாது. சம்பளத்தைப் பற்றித் தாமிரபரணிக் கரையிலிருந்து எழுதுகிற எவரும் 1999 ஜூலை 23ஐத் தாண்டிப் போக முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு. கொழுந்து பறிப்பதில் அவர்களுக்குத் திறமை போதாது என்று யாரால் சொல்ல முடியும்? கூலியை முடிவுசெய்யும் இடத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை. 2024இல் தோட்ட நிறுவனம் வேலையை முடித்துக்கொண்டு விருப்ப ஓய்வுக் கடிதங்களை நீட்டியபோது, தலைமுறைகளாக மலையில் இருந்தவர்களில் பலரின் கையில் கொழுந்து பறிக்கும் தொழில் மட்டுமே இருந்தது.  சங்கம் சேர்ந்து போராட வேண்டிய கூலியைத் தனியாகப் படித்து வென்றுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் வேண்டும். பீடித் தொழிலாளர்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டமும் வருங்கால வைப்பு நிதியும் கிடைத்தது தனித்தனித் திறமையால் அல்ல.

சரி, மேல்படி இருக்கிற வேலைகளுக்கு வருகிறேன். நம் ஊர் டூ-வீலர் பட்டறைகளைப் பாருங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முன்பெல்லாம் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, பெட்ரோலில் கழுவி மாட்டுவார்கள். பாதி நோய் அதிலேயே தீரும். 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்தது. பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் எரிபொருளை ஊசிபோலப் பீய்ச்சும் இன்ஜெக்டரும், அதற்குக் கணக்குச் சொல்லும் சென்சார்களும் வந்துவிட்டன. பட்டறைகள் அன்றைக்கே இரண்டாகப் பிரிந்தன. ‘இது கம்பெனி சர்வீசுக்குத்தான் போகணும் தம்பி’ என்று வண்டியைத் திருப்பி அனுப்பிய பட்டறைகள் ஒரு பக்கம். ஸ்கேனர் வாங்கிக் கற்றுக்கொண்ட பட்டறைகள் இன்னொரு பக்கம்.

ஸ்கேனர் வாங்கினால் மட்டும் போதாது என்பதையும் அங்கேயே பார்க்கலாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் பிளக்கில் செருகினால் திரையில் ஒரு கோளாறு எண் வரும். எந்த சென்சாரில் சிக்கல் என்று அது காட்டும். சென்சாரே கெட்டுப்போனதா, ஒயர் அறுந்திருக்கிறதா, கனெக்டரில் தண்ணீர் ஏறிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று அது சொல்லாது. எண்ணை மட்டும் நம்புகிறவர் புது சென்சாரை வாங்கி மாட்டுவார், வண்டி மறுபடியும் நிற்கும், வாடிக்கையாளர் போய்விடுவார். விவரம் தெரிந்தவர் மல்டிமீட்டரை எடுத்து, அந்த ஒயரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்த்து, இரண்டு ரூபாய்ச் சோல்டரில் முடித்துவிடுவார். அந்த மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்த பையனை எந்த முதலாளியும் எளிதில் விடமாட்டார். இந்த அறிவுக்குப் பெரிய கல்லூரி தேவையில்லை. ஒயரிங் வரைபடத்தைப் படிக்கப் பழக வேண்டும், அதற்கு வேண்டிய அளவு ஆங்கிலம் வேண்டும், இரவில் அரைமணி நேரம் வேண்டும்.

கணக்கு வேலையிலும் இதுவே நடந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, வெறும் வரவுசெலவு எழுதிக்கொண்டிருந்தவர்களில் சிலர் டேலி மென்பொருளோடு ரிட்டர்ன் தாக்கல் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். முக்கூடல் சகோதரிக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: பில்லை ஏற்றுவதோடு நிற்காதீர்கள். மாத முடிவில் ஆடிட்டர் அலுவலகத்துக்கு எது போகிறது, அவர்கள் எதைத் திருத்தி அனுப்புகிறார்கள், ஏன் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் திருத்துகிற இடம்தான் உங்களுடைய அடுத்த படி. ஜவுளிக்கடைத் தம்பிக்கும் இதே வழிதான். சேலையை விரித்துக் காட்டுகிறவருக்கும், காஞ்சிபுரத்துக்கும் சூரத்துக்கும் போய்ச் சரக்கு எடுத்துவருகிறவருக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று அவருக்கே தெரியும். எந்த ரகம் தேங்குகிறது, எது பொங்கலுக்கு முன்பே தீர்ந்துபோகிறது என்று கவுன்டரில் நிற்பவர்தான் முதலில் பார்க்கிறார். அதைக் குறித்துவைத்துக்கொண்டு சரக்கு எடுப்பவரிடம் சொல்லத் தொடங்கினால், மெல்ல மெல்லத் தம்பியின் பேச்சுக்கு மதிப்பு வரும்.

கற்றுக்கொள்வது என்றதும் நம்மவர்கள் உடனே சான்றிதழைத் தேடுகிறார்கள். எனக்கு அதைவிட நம்பிக்கை, தெரிந்தவருக்குப் பக்கத்தில் உட்காருவதில்தான். சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி. 1921இல் பிறந்த காருகுறிச்சி அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்து, அவருடைய கச்சேரிகளில் கூடவே நாகசுரம் வாசித்தார். குருவுக்குப் பக்கத்தில் இரண்டாவது நாகசுரம் வாசிப்பது கைதட்டல் கிடைக்கிற வேலை அல்ல. அவர் ராகத்தை எங்கே கொண்டுபோகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு பின்தொடர வேண்டும், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இவர் ஏந்திப் பிடிக்க வேண்டும், முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அப்படி ஊறிய பிறகு தனியாக வந்த வாசிப்பைத்தான் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு தமிழ்நாடே கேட்டது. 1964இல் மிகக் குறைந்த வயதிலேயே அருணாசலம் மறைந்துவிட்டார் என்றாலும், நாகசுரம் என்றால் இன்றும் அவர் பெயர் வருகிறது. உங்கள் அலுவலகத்திலும் பட்டறையிலும் நன்றாக வேலை தெரிந்த ஒருவர் இருப்பார். அவருக்கு உதவியாக இருக்கும் வாய்ப்பு வந்தால், சம்பளம் சற்றுக் குறைவென்றாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: அவர் கற்றுக்கொடுக்கிறாரா, எடுபிடி வேலை மட்டும் வாங்குகிறாரா என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். எடுபிடி மட்டும்தான் என்றால் அங்கே நிற்காதீர்கள்.

பட்டம் இல்லையே என்று மனம் சோர்ந்து எழுதியவர்களுக்கு மத்தளம்பாறையைக் காட்ட விரும்புகிறேன். தென்காசிப் பக்கம் இருக்கும் ஊர்.  ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011இல் தென்காசியில் சிறிதாகத் தொடங்கிய அலுவலகம் மத்தளம்பாறையில் வளர்ந்தது. உலகெங்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் ‘ஜோஹோ டெஸ்க்’ மென்பொருள் அங்கே உருவானது. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருடம் நிரல் எழுதவும் ஆங்கிலத்தில் பேசவும் பழக்கி வேலைக்கு எடுக்கும் பள்ளியையும் அந்த நிறுவனம் நடத்துகிறது. எல்லோருக்கும் அங்கே இடம் கிடைத்துவிடாது, எல்லோரும் கணினிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் ‘என்ன படித்தாய்’ என்று கேட்காமல் ‘என்ன செய்யத் தெரியும்’ என்று கேட்கிற ஒரு பெரிய நிறுவனம் நம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. பிற முதலாளிகளும் அந்தக் கேள்விக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் எழுந்திருக்கும் சோலார் ஆலையின் உற்பத்தி வரிசைகளில் நம் பக்கத்துப் பெண்கள் நிற்கிறார்கள். அவர்களில் இயந்திரத்தை ஓட்டுவதோடு நிற்காமல், அது ஏன் நின்றது என்று பார்க்கக் கற்றுக்கொள்பவர்கள் நாளைக்கு ஷிப்ட் பொறுப்பாளர்களாக வருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

கற்றுக்கொண்டால் மட்டும் சம்பளம் தானாக ஏறிவிடாது. கேட்க வேண்டும். நம் ஊரில் இதுதான் பெரிய தயக்கம். தீபாவளி நெருங்கும்போது முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு, “அண்ணாச்சி, வீட்டுல செலவு கூடிப்போச்சு, பாத்துக் குடுங்க” என்று நிற்கிறோம். அண்ணாச்சியும் மனமிரங்கி ஐநூறு கூட்டுவார். அவர் பார்வையில் அது உதவி. அடுத்த வருடமும் உதவியைத்தான் கேட்க வேண்டிவரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அண்ணாச்சி, நான் சேரும்போது பில் மட்டும்தான் போட்டேன். இப்ப ஸ்டாக்கும் நான்தான் பாக்குறேன், ஜி.எஸ்.டி.யும் நான்தான் போடுறேன். வெளியில குடுத்தா இதுக்கு இவ்வளவு ஆகும். எனக்கு இவ்வளவு வேணும்.” இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இதற்கு ஒரு சின்ன நோட்டு போதும். புதிதாக எந்த வேலையைப் பொறுப்பேற்றீர்கள், எந்தத் தேதியில், அதனால் கடைக்கு என்ன மிச்சம் என்று அவ்வப்போது எழுதிவைத்துவிடுங்கள். கேட்கும் நாளில் குரல் நடுங்காது. ‘முடியாது’ என்று பதில் வந்தால், எப்போது முடியும், அதற்கு இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு இடம் தேடுவது நன்றிகெட்ட செயல் ஆகாது.

இதை வாசிக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ‘பழக்கிவிட்டால் ஓடிப்போயிடுவான்’ என்று பயந்து வேலையை மறைத்து மறைத்துக் கொடுக்கும் முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறைத்த இடங்களில் ஓடாமல் நின்றவர்கள் வேறு வழி இல்லாதவர்கள் மட்டும்தான். உங்கள் கடையில் அடுத்த படி எது, அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அங்கே போனால் சம்பளம் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதை அந்தந்த மாதம் நிறைவேற்றுங்கள்.

நம் பத்திரிகையின் வரும் இதழ்களில் சில பக்கங்களை இதற்கென்றே ஒதுக்க இருக்கிறேன். நீங்கள் செய்யும் தொழிலில் கீழ்ப்படி எது, மேல்படி எது, நடுவே என்ன கற்றீர்கள், யாரிடம் கற்றீர்கள், எத்தனை நாள் ஆயிற்று, சம்பளம் எவ்வளவு மாறியது என்று எழுதி அனுப்புங்கள். பாய் நெய்பவர், காற்றாலையில் ஏறுபவர், நர்ஸ், கொத்தனார், வாழைத்தார் வியாபாரி என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுத வராதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். உங்கள் தொழிலில் மேல்படியே இல்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தக் கடிதங்களை முதலில் வெளியிடுவேன்.

அன்புடன்,
ஆசிரியர்